பலகையில் இல்லாத செய்தி

(விருதுநகரில் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உள்ளாட்சியைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். உள்ளாட்சி என்றதும் பேச்சாளன் எங்கே தொடங்குவான் என்பது உங்களுக்குத் தெரியும். குடவோலையிலே தொடங்குவான், உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவான், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டோம் என்று முழங்குவான், கையொலி எழும். கையொலி ஓய்ந்து வீட்டுக்குப் போனால் குழாயிலே தண்ணீர் வராது! ஆகவே நான் உத்திரமேரூருக்குப் போகவில்லை. நகராட்சி அலுவலகத்தின் முகப்பிலே தொங்குகிறதே ஓர் அறிவிப்புப் பலகை, அங்கே தொடங்குகிறேன்.

அந்தப் பலகையை நின்று படித்தவர் நம்மில் எத்தனை பேர்? கடை ஏலம், ஒப்பந்தப்புள்ளி, வரி கட்டக் கடைசி நாள் — இவை இருக்கும். படிப்பவர் ஒப்பந்தக்காரர், மற்றவர் நடந்து போவர். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர்கள் அறிய விரும்புவது அந்தப் பலகையிலே இருப்பதில்லை.

சிறிய ஊரிலே வாழ்கிறவன் மன்றத்தை என்ன கேட்கிறான்? மாளிகையா கேட்கிறான்? தண்ணீர் எந்த நாளிலே, எந்த நேரத்திலே வரும் என்று கேட்கிறான். தோண்டிய தெருவை எப்போது மூடுவீர்கள் என்று கேட்கிறான். பிள்ளையின் பிறப்புச் சான்றுக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்கிறான். இவை யாவும் வேலைகள்தாம். ஆனால் வேலையாவதற்கு முன்னே, இவை செய்திகள். வெம்பக்கோட்டை அணையிலே நீர் இறங்கினால் சிவகாசியின் குடங்களிலே இறங்கும். அதை யாரும் தடுத்துவிட முடியாது. ஆனால் “நாளை தண்ணீர் இல்லை, நாளை மறுநாள் காலையிலே வரும்” என்று ஒரு வரி சொல்லியிருந்தால், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகவேண்டிய தாய் குழாயடியிலே காத்து நின்று ஒரு நாள் கூலியை இழந்திருக்க மாட்டாள். அந்த ஒரு வரிக்கு என்ன செலவு? மையும் தாளும்! மையையும் தாளையும் தேடி நாம் எங்கே போகவேண்டும்? நாடு முழுமைக்கும் நாட்காட்டி அச்சிட்டு அனுப்புகிற சிவகாசியை இடுப்பிலே கட்டிக்கொண்டிருக்கிற மாவட்டமல்லவா இது!

தண்ணீர்ச் செய்தி தவறினால் ஒரு நாள் கூலி போகிறது. இந்த வட்டாரத்திலே வேறொரு செய்தி இருக்கிறது. அது தவறினால் உயிர் போகிறது. இன்று நான் முதன்மையாகப் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள். சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டி. நண்பகல் வேளையிலே பட்டாசு ஆலையொன்று வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களிலே ஆலைத் தொழிலாளர் மட்டுமா இருந்தனர்? இல்லை, தோழர்களே. முதல் வெடி கேட்டதும், புகை கண்டதும், உள்ளே நம் மக்கள் இருக்கிறார்களே என்று அக்கம்பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து ஓடி வந்தவர்கள் இருந்தனர். என்ன நேர்ந்தது என்று பார்க்க வந்தவர்கள் இருந்தனர். அடுத்த வெடி அவர்களை வாரிக்கொண்டு போயிற்று. உதவிக்கு ஓடுவது குற்றமா? அது மனிதத் தன்மை. அந்த மனிதத் தன்மைக்கு, “இந்த அறைகளிலே இன்ன மருந்து இருக்கிறது, தீப்பற்றினால் இத்தனை தொலைவு விலகி நில்லுங்கள்” என்று அதற்கு முன்பு ஒரு நாளாவது, ஒரு வாயாவது சொல்லியிருந்ததா?

இன்னொன்றும் கேளுங்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் விபத்துக்குச் சற்று முன்னரே நிறுத்திவைக்கப்பட்டது என்று பிறகு செய்தி வந்தது. ‘பிறகு’ என்ற சொல்லைக் கவனியுங்கள்! கோப்பிலே அந்த ஆலை நின்றுவிட்டது. ஊரிலே அது ஓடிக்கொண்டிருந்தது. கோப்பிலிருந்த செய்தி, காலையிலே சோற்றுவாளியோடு வேலைக்குப் புறப்பட்ட பெண்ணுக்கு எட்டவில்லை. பக்கத்துப் புஞ்சையிலே ஆடு மேய்த்தவனுக்கு எட்டவில்லை. ஊராட்சி மன்றத்தின் சுவருக்கும் எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை? இதைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். பட்டாசுக்குப் பெயர் சிவகாசி. ஆலைகளிலே பெரும்பாலானவை நிற்பதோ நகருக்கு வெளியே, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களின் கரிசல் காட்டிலே, சிற்றூர்களின் ஊராட்சி எல்லையிலே. உரிமம் வருவது அங்கிருந்தா? அன்று. ஒரே வேளையிலே 15 கிலோவுக்கு மேற்படாத மருந்தைக் கையாளும் சிறிய ஆலைக்கு மாவட்ட நிருவாகம் உரிமம் தருகிறது. ஊர்ப்பேச்சிலே அது ‘டி.ஆர்.ஓ. லைசென்சு’. அதற்கு மேற்பட்டவற்றுக்கு மத்திய அரசின் வெடிபொருள் துறை தருகிறது. அதன் தலைமையகம் நாகபுரியிலே இருக்கிறது. அதனாலே பெரிய ஆலைக்கு ‘நாக்பூர் லைசென்சு’ என்றே பெயர். தொழிலாளர் பாதுகாப்பைத் தொழிற்சாலை ஆய்வாளர் பார்க்கவேண்டும்; தீயைத் தீயணைப்புத் துறை பார்க்கவேண்டும்; குற்றத்தைக் காவல் துறை பார்க்கவேண்டும். இத்தனை பேரும் ஆளுக்கொரு கோப்பு வைத்திருக்கிறார்கள். ஆலையின் வேலியை ஒட்டி வாழ்கிற ஊராட்சியின் கையிலே என்ன இருக்கிறது? வீட்டு வரி ரசீதும் தொழில் வரி ரசீதும்! எத்தனை அறைகளுக்கு உரிமம், ஓர் அறையிலே எத்தனை பேர் அமரலாம், உள்குத்தகைக்கு விட்டிருக்கிறார்களா என்றெல்லாம் கேட்டால் ஊராட்சித் தலைவரும் நம்மைப்போலவே வானத்தைப் பார்ப்பார்.

வருமானத்தின் சேதி நகரத்துக்குப் போகிறது. ஆபத்தின் சேதி நாகபுரிக்குப் போகிறது. ஆபத்து மட்டும் கிராமத்திலே தங்கிவிடுகிறது.

நகரத்திலே இருப்பவர் நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? 2016 அக்டோபர் 20 அன்று, தீபாவளி நெருங்கிய வேளையிலே, சிவகாசி நகருக்குள்ளேயே பட்டாசுக் கிடங்கொன்றிலே தீப்பிடித்தது. பக்கத்திலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகை புகுந்தது. நோய் பார்க்க வந்தவர்களும், அங்கே வேலை பார்த்தவர்களும் மூச்சு முட்டி மாண்டனர். மருத்துவத்துக்கு வந்தவன் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் என்ன அடுக்கியிருக்கிறார்கள் என்று அறிந்தா வந்தான்?

அதே மாதம் 24ஆம் நாளோடு தமிழகத்து உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் உடனே வந்ததா? ஊரகத்திலே 2019 டிசம்பர் வரை வரவில்லை. நகரத்திலே 2022 பிப்ரவரி 19 வரை வரவில்லை. ஐந்தாண்டுகளுக்கு மேலாக நகர்மன்ற நாற்காலிகளிலே தூசி படிந்தது. தனி அலுவலர் கையொப்பமிட்டார். 1920 முதல் நகராட்சியாக இருந்த சிவகாசி, திருத்தங்கலையும் இணைத்துக்கொண்டு 2021இல் மாநகராட்சியாக உயர்ந்ததே, அந்த உயர்வு நல்லதா அல்லதா என்று விவாதிக்க அன்று சிவகாசியிலும் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை, திருத்தங்கலிலும் இல்லை! பெண்ணைக் கேளாமல் நடந்த நிச்சயதார்த்தம்போல் ஊரைக் கேளாமல் ஊருக்குப் பெயர் மாறிற்று. நான் மாநகராட்சியை எதிர்ப்பவனல்லன். 48 வட்டங்களுக்கு உறுப்பினர்கள் பிறகு வந்தார்கள், வரவேற்கிறேன். கேட்டுச் செய்திருக்கலாம் என்கிறேன்.

ஊரகத்திலே கதை மீண்டும் திரும்பிற்று. இந்த மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தது. தலைவர் இறங்கினார், தனி அலுவலர் ஏறினார். அந்த ஆண்டு சூலை முதல் நாள், சாத்தூருக்கு அருகே சின்னக்காமன்பட்டியிலே ஆலை வெடித்தது. பல உயிர்கள் போயின. அன்று அந்த மக்கள் சட்டையைப் பிடித்துக் கேட்பதற்குக்கூடத் தாங்கள் வாக்களித்து அமர்த்திய ஊராட்சித் தலைவர் ஒருவர் பதவியிலே இல்லை.

‘செய்தி சொல்லிவிட்டால் வெடி நின்றுவிடுமா?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நின்றுவிடாது. உராய்வு இருக்கிறது, வெயில் இருக்கிறது, தீபாவளிக்கு முன் அவசரம் இருக்கிறது, துண்டுக்கூலியின் வேகம் இருக்கிறது. அவற்றுக்கெல்லாம் தனித்தனி மருந்து வேண்டும். ஆனால் செய்தி சொன்னால் சாவின் எண்ணிக்கை குறையும். இதை நான் ஊகத்திலே சொல்லவில்லை; முதலிப்பட்டி சொல்கிறது. கடல் கடந்து போனால் ஆலந்து நாடும் சொல்கிறது.

ஆலந்திலே என்ஸ்கெடே என்று ஒரு நகரம். 2000ஆம் ஆண்டு மே 13 அன்று, குடியிருப்புக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு தீப்பற்றி வெடித்தது. 23 பேர் மாண்டனர். ஏறத்தாழ 950 பேர் காயமுற்றனர். சுற்றியிருந்த குடியிருப்பே தரைமட்டமாயிற்று. அங்கும் தீயை வேடிக்கை பார்க்க மக்கள் கூடியிருந்தனர். அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அங்கே வாழ்ந்த பலருக்கும் தெரியாது. உரிமத்திலே எழுதியதைவிடக் கூடுதலாக, கடும் ரகங்களாக அடுக்கியிருந்ததும் பிறகே வெளிப்பட்டது. படித்த நாடு, பணக்கார நாடு, ஒழுங்குக்குப் பேர்போன நாடு! அங்கும் அதே கதை. ஆனால் அதன் பிறகு அவர்கள் செய்ததைப் பாருங்கள். விசாரணைக் குழு ஆலைக்காரரோடு நிற்கவில்லை. நகராட்சியையும் நாட்டு அரசையும் பெயர் சொல்லிக் குறை கூறிற்று. எந்தத் தெருவுக்கு அருகே என்ன அபாயம் இருக்கிறது என்பதைக் குடிமகன் எவனும் பார்க்கும்படி வரைபடமாக்கி வெளியிட்டார்கள்.

நம் நாட்டிலே சட்டம் இல்லையா? இருக்கிறது. போபால் நகரிலே 1984 டிசம்பரில் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற பிறகு, 1989இல் விதிகள் வந்தன. பேரபாயப் பொருள்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கும் ஆலைக்கு அருகே வாழ்வோருக்கு, ஆபத்து என்ன, நேர்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லவேண்டும் என அவற்றிலே ஒரு விதி உண்டு. பெரிய இருப்புள்ள இடத்துக்கு அது பொருந்தும். சிறிய ஆலை தப்பிவிடும். தகவல் உரிமைச் சட்டம் 1997இலேயே தமிழகம் கண்டது. 2005இல் வந்த மத்தியச் சட்டமோ, கேட்பதற்கு முன்பே அலுவலகங்கள் தாமாக வெளியிடவேண்டியவற்றை நான்காம் பிரிவிலே வரிசைப்படுத்துகிறது; யார் யாருக்கு உரிமமும் அனுமதியும் தந்தோம் என்பதும் அந்த வரிசையிலே உண்டு. சட்டம் புத்தகத்திலே தூங்கட்டும் என்று விட்டால் அதுவும் சுகமாகத் தூங்கும்.

இதே நிருவாகத்தின் திறமையையும் நான் மறைக்கமாட்டேன். 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்களே, அந்தச் சேதி எந்த வீட்டுக்காவது எட்டாமல் போயிற்றா? குடிசைக்கும் போயிற்று, கோபுர வீட்டுக்கும் போயிற்று; சதுர அடி கணக்கோடு போயிற்று! வரிச்சீட்டைக் கதவு கதவாகக் கொண்டு சேர்க்கத் தெரிந்த கைகளுக்கு, ‘உன் ஊரிலே ஐந்து ஆலை, இன்ன இன்ன உரிமம்’ என்று ஒரு தாளைக் கொண்டு சேர்க்கத் தெரியாதா?

தோழர்களே, இனி நம் வேலைக்கு வருகிறேன். தலைவர் இல்லாத ஊரிலும் கிராமசபை உண்டு. தேர்தல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாக்காளர் பட்டியலிலே பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். அந்தப் பதவியைக் கலைக்க எந்த ஆணையாலும் ஆகாது. முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிற்று. 2022 முதல் ஆறாக்கினார்கள்: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 500 பேர் வரை வாழும் ஊரிலே 50 பேர் கூடினால் சபை. 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300. நகரத்துக்கும் வட்டக்குழு, பகுதிசபை என்று 2022இல் விதி செய்து, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதன்முறையாகக் கூட்டினார்கள். நம் ஊர்களிலே இந்தச் சபைகளில் யார் அமர்கிறார்கள்? நூறு நாள் வேலைக்கு வந்த பாட்டிமாரை அப்படியே அழைத்து வந்து அமர்த்திக் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்புகிறார்கள். நாம் மேடைக்குத் தோரணம் கட்டுகிறோம்; சபைக்குப் போவதில்லை.

அடுத்த சபைக்குப் போங்கள். தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். நீளமாக வேண்டாம், மூன்று கேள்விகள் போதும். எங்கள் ஊராட்சி எல்லையிலே எத்தனை ஆலை, ஒவ்வொன்றுக்கும் யார் தந்த உரிமம், எத்தனை அறை, எத்தனை ஆள்? எந்த ஆலையின் உரிமமாவது நிறுத்தப்பட்டிருக்கிறதா, எந்த நாளிலிருந்து? தீப்பிடித்தால் எவ்வளவு தொலைவு விலகுவது, எந்தச் சாலையை வண்டிக்கு விடுவது? முதலாளியைத் திட்டவேண்டாம், அதிகாரியைத் திட்டவேண்டாம். ஆலையை மூடு என்று கேட்கிறோம் என்று எவரேனும் திரித்துச் சொல்வர். அந்த ஆலையிலே நம் வீட்டுப் பெண்தான் வேலை பார்க்கிறாள், அவள் கூலியிலேதான் அடுப்பு எரிகிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். தீர்மானத்தைப் புத்தகத்திலே எழுதச் சொல்லுங்கள். எழுதிய பக்கத்தை நீங்களே படித்துப் பாருங்கள். அதன் படி ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று வெடிபொருள் துறையின் சிவகாசி அலுவலகத்துக்கு.

விடை வரும், தாமதமாகலாம். வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்திலே பத்து ரூபாய்க்கு மனு. முப்பது நாள் கெடு. வந்த விடையை நம் அலுவலகத்து அலமாரியிலே பூட்டிவைக்க வேண்டாம். நியாயவிலைக் கடையின் சுவரிலே, குழாயடியிலே, ஆலை வண்டி நிற்கிற நிறுத்தத்திலே, எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படிக்கும்படி பெரிய எழுத்திலே ஒட்டுங்கள். அச்சுக்கூலிக்கு என்ன செய்வது என்று இங்கே யாரும் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.