உப்புக் காத்துல ஒரு கத்தி: வாங்குறதும் பேணுறதும்

(பேச்சின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



இன்னைக்கு கத்தியைப் பத்திப் பேசலாம். சண்டைக்கத்தி இல்லை. அடுப்படியில இருக்கிற கத்தி, சட்டைப்பையில மடக்கி வைக்கிற கத்தி, வள்ளத்துல கிடக்கிற கத்தி. "நல்ல கத்தி எது, எவ்வளவு குடுத்து வாங்கலாம்?" என்று அடிக்கடி கேட்கிறீர்கள். ஊரைச் சொல்லாமல் இதுக்குப் பதில் சொல்ல முடியாது. கோயம்புத்தூர்ல பத்து வருசம் உழைக்கிற கத்தி, கடலுக்கு நூறு அடி தள்ளி இருக்கிற வீட்டுல ஒரே மழைக்காலத்துல துரு பிடிச்சு நிக்கும். அதனால எங்க பெரியதாழையை வைத்தே பேசுகிறேன்.

மணப்பாட்டைத் தாண்டி உவரிக்குப் போற கடற்கரைச் சாலையில எங்க ஊர் வரும். ஒரு பக்கம் கடல். மறுபக்கம் செம்மண் தேரியும் பனையும். இந்த ரெண்டு பக்கத்துலயும் கத்தியை நம்பித்தான் பிழைப்பு. ஆனால் ரெண்டு பேரும் கத்தியை வைத்துக்கொள்கிற விதம் வேற வேற.

பனை ஏறுகிற அண்ணாச்சிமாரைப் பாருங்கள். பாளை சீவுகிற அரிவாளை அவர்கள் வேறு எதுக்கும் தொட மாட்டார்கள். மட்டை வெட்ட ஒண்ணு, பாளை சீவ ஒண்ணு என்று தனித்தனி. ஒவ்வொரு முறையும் பாளை நுனியில மெல்லிசா ஒரு சீவு எடுக்கணும். அரிவாள் மழுங்கி இருந்தால் நுனி நசுங்கும், பதநீர் ஒழுங்கா வடியாது. வருமானம் அந்த விளிம்புல நிக்குது. அதனால மரக்கட்டையில கல்பொடி தூவித் தீட்டி, பெட்டியில போட்டு இடுப்புல கட்டிக்கொண்டுதான் ஏறுவார்கள்.

கடல் பக்கம் வாங்க. வள்ளத்துல ஒரு கத்தி கிடக்கும். யாரோடதுன்னு கேட்டா எல்லாரோடதும்பாங்க. அப்படின்னா துடைக்கிறதுக்கு ஆள் இல்லைன்னு அர்த்தம். வலைக்கு அடியில, உப்புத்தண்ணியில, மீன் ரத்தத்தோட அது கிடக்கும். ஒண்ணும் நடக்காத வரைக்கும் பிரச்சினை இல்லை. வலை விடும்போது ஓடுகிற கயித்துல ஒருத்தர் கால் மாட்டினால், கயித்தை அறுக்கக் கிடைக்கிறது சில நொடிதான். அந்த நேரத்துல துருப்பிடிச்ச கத்தி வெறும் இரும்புத் துண்டு.

நான் இன்னைக்குச் சொல்ல வந்தது இதுதான்: கத்தியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன்னால, அதை யார் துடைக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். துடைக்க ஒரு ஆள் உறுதியாக இருந்தால் ஒரு வகை. இல்லையென்றால் வேற வகை.

ரெண்டு வகை உருக்கு

கொல்லுப்பட்டறையில அடிக்கிற அரிவாளும் கத்தியும் பெரும்பாலும் பழைய லாரியின் வில்லுப்பட்டையில செய்தவை. அந்த உருக்குல கார்பன் அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல இருக்கும். பழுக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணியிலோ முக்கினால் நல்லா கடினமாகும். பிறகு இளஞ்சூட்டுல கொஞ்சம் பதப்படுத்துவார்கள், இல்லாட்டி கண்ணாடி மாதிரி உடைந்துவிடும். இதுல கூர் சீக்கிரம் ஏறும், எளிதாத் தீட்டலாம். குறை ஒண்ணே ஒண்ணு, துரு.

நம்ம பக்கத்துல இரும்பு வேலை புதுசு இல்லை. எங்க மாவட்டத்துலயே ஆதிச்சநல்லூர்ல அலெக்சாண்டர் ரீ நூறு வருசத்துக்கு முன்னால தோண்டினபோது தாழிகளோட இரும்பு ஆயுதங்களும் கருவிகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஆனால் துருப்பிடிக்காத உருக்கு ரொம்பப் பிந்தி வந்தது. 1913ல இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துல ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் தேயாமல் இருக்க வழி தேடினார். சுமார் 13 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கு துருவுக்கு மசியவில்லை என்று அப்போதுதான் கண்டார். கத்திக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

குரோமியம் காற்றோட சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தை மேலே போடும். கீறல் விழுந்தாலும் அது தானே திரும்ப மூடிக்கொள்ளும். ஆனால் உப்புல இருக்கிற குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்க உடைக்கும். உடைந்த இடத்துல ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளி விழுந்து உள்ளே குழியாக இறங்கும். அதனால "எவர்சில்வர், துருவே பிடிக்காது" என்று கடைக்காரர் சொன்னால் எங்க ஊர் மாதிரி இடத்துல முழுசா நம்பாதீங்க. மெதுவாப் பிடிக்கும், அவ்வளவுதான்.

வீட்டுல தினமும் ஒரே ஆள் கத்தியைக் கழுவித் துடைத்து வைப்பார் என்றால் பட்டறைக் கத்தி வாங்குங்கள். நாலு பேர் புழங்குகிற அடுப்படிக்கும் வள்ளத்துக்கும் துருப்பிடிக்காத வகையே சரி. கூர் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கடையில என்ன பார்க்கணும்

மீன் வெட்டிக் கொடுக்கிற ஒரு சித்தியிடம், "கத்தி வாங்கும்போது என்ன பாப்பீங்க சித்தி?" என்று கேட்டேன். "பாக்க மாட்டேன் மக்கா, தூக்கிப் பாப்பேன். ஈரக்கையோட" என்றார். இதைவிட நல்ல பரிசோதனை இல்லை. மீன் கொழுப்பும் தண்ணியும் பட்ட கையில பிடி வழுக்கினால், எவ்வளவு நல்ல உருக்காக இருந்தாலும் அந்தக் கத்தி வேண்டாம்.

அடுத்தது, ஒரு சின்ன காந்தம் கொண்டுபோங்கள். கத்தியில ஒட்டவில்லை என்றால் அது பாத்திரம் செய்கிற எவர்சில்வர் வகை. அதைச் சூடாக்கிக் கடினமாக்க முடியாது. நாலு நாள்ல மழுங்கும். ஒட்டினால் நல்ல கத்தி என்று அர்த்தமில்லை. ஒட்டாவிட்டால் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, பிடியும் இரும்பும் சேருகிற இடம். அங்க இடுக்கு இருந்தால் மீன்சாறும் உப்பும் போய்த் தங்கும். வெளியே தெரியாமல் உள்ளே அரித்து, ஒருநாள் தலையை வெட்டும்போது பிடி கையிலயும் கத்தி தரையிலயும் போகும். நாலாவது, விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நெளிவு இருக்கக் கூடாது.

இன்னைக்கு ஜப்பான் கத்தி, ஜெர்மன் கத்தி என்று இணையத்துல நிறைய விற்கிறார்கள். கடினத்தை ராக்வெல் என்ற அளவுல சொல்வார்கள். ஜெர்மன் வகை பொதுவா 56 முதல் 58, ஜப்பான் வகை 60க்கு மேல. கடினம் கூடினால் கூர் நிற்கும், ஆனால் விளிம்பு சில்லு தெறிக்கும். சூரை மீனை மெல்லிசாகச் சீவ அது அருமை. அதே கத்தியால பாறை மீன் தலையைப் பிளந்தால் போச்சு. தலைக்கும் முள்ளுக்கும் கனமான, கொஞ்சம் மெதுவான உருக்கு வேணும். ஒரே கத்தி எல்லாத்துக்கும் போதாது. பனை ஏறுகிறவர்களுக்கு இது முன்னாலயே தெரியும்.

வள்ளத்துக்கும் பைக்கும்

கடலுக்கு மடக்குக் கத்தி வேண்டாம். ஈரக்கையால, ஒத்தைக் கையால, அவசரத்துல விரிக்க முடியாது. மடங்காத சின்னக் கத்தியே சரி. நுனி கூர்மையாக இல்லாமல் மழுங்கலாக இருக்கணும், அப்போதான் ஆடுகிற வள்ளத்துல ஆள் மேல குத்தாது. விளிம்புல பாதி ரம்பப்பல் மாதிரி இருந்தால் நைலான் கயிறு சீக்கிரம் அறும். உறை பிளாஸ்டிக்ல, அடியில தண்ணி வடிய ஓட்டையோட இருக்கட்டும். தோல் உறை உப்பீரத்தைப் பிடித்துவைத்து கத்தியைத் தின்னும். எஞ்சின் பக்கம் ஒண்ணு, அணியத்துல ஒண்ணு என்று எட்டுகிற இடத்துல கட்டி வையுங்கள். அதுல மீன் வெட்டவோ டப்பா திறக்கவோ கூடாது. கயிறு அறுக்க மட்டும். அதுக்கு ஒருத்தரைப் பொறுப்பு வைத்து, கரை ஏறினதும் அவர் கழுவ வேணும்.

மடக்குக் கத்தி கரையில வேலை செய்கிறவர்களுக்கு நல்லது. விரித்த பிறகு தானா மடங்காமல் பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். மணலும் உப்பும் போகிற இடம் அந்த மூட்டுதான். நல்லதண்ணியில அலசி, காயவைத்து, மூட்டுல ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

சட்டத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளுக்குள்ள வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவை அதுல சேராது. இருந்தாலும் வேலை இல்லாத நேரத்துல, திருவிழாக் கூட்டத்துல, பையில கத்தி வைத்துக்கொண்டு போகாதீங்க. விமானத்துல கைப்பையில எந்தக் கத்தியும் கூடாது.

பேணுறது

வேலை முடிந்ததும் நல்லதண்ணியில கழுவணும். கடல்தண்ணியில அலசி வைத்தால் கழுவாததுக்குச் சமம். உடனே துணியால துடைக்கணும், தானா காயட்டும் என்று விடக்கூடாது. பட்டறைக் கத்திக்கு ஒரு விரல் தேங்காய் எண்ணெய் தடவணும். ரொம்ப நாள் எடுத்துவைக்கிறதுன்னா தேங்காய் எண்ணெய் சிக்கு நாத்தம் அடிக்கும், அதனால பாரஃபின் எண்ணெய் நல்லது.

எலுமிச்சையோ புளியோ பட்டு பட்டறைக் கத்தி கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம். அந்தச் சாம்பல் கறுப்பு ஒரு வகையில காப்பு. சிவப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் மேல்துரு போயிரும்.

தீட்டுறதுக்கு, ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நைசும் உள்ள சாணைக்கல் போதும். கத்தி 3 சென்டிமீட்டர் அகலம் என்றால், விளிம்பு கல்லுல பட, முதுகு கல்லிலிருந்து ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரத்துல இருக்கட்டும். அது 20 டிகிரி. அந்தச் சாய்வு மாறாமல் ஒரு பக்கம் இழுங்கள். மறுபக்கத்துல விரலை குறுக்கே வைத்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டும். தட்டினதும் பக்கத்தை மாற்றுங்கள். கடைசியில நைஸ் பக்கத்துல லேசா இழுத்துப் பிசிறை எடுங்கள். கல் இல்லையா, பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில பளபளப்பு இல்லாத சொரசொர வளையம் இருக்கும். அவசரத்துக்கு அது போதும்.

தெருவுல சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தால் பக்கத்துல நில்லுங்கள். சக்கரத்துல ரொம்ப நேரம் அழுத்தினால் விளிம்பு நீலம் பூக்கும். 300 டிகிரி சூடு ஏறினதோட அடையாளம் அது. அந்த இடத்துல பதம் போய்விடும், இனி கூர் நிக்காது. "அண்ணாச்சி, இடையில தண்ணியில முக்கி எடுங்க" என்று சொல்லலாம், தப்பா நினைக்க மாட்டார்.

கையில பட்டால்

மழுங்கின கத்திதான் அதிகம் வெட்டும். அழுத்தி வெட்டுவோம், வழுக்கி விரல்ல ஏறும். மீன் வெட்டும்போது காயம் பட்டால் சின்னதுதானேன்னு விடாதீங்க. கடல்தண்ணியிலயும் மீன்லயும் விப்ரியோ மாதிரி கிருமிகள் இருக்கு. சர்க்கரை, கல்லீரல் நோய் உள்ளவங்களுக்கு அது சில மணி நேரத்துல உயிருக்கே ஆபத்தாகலாம். ஓடுகிற நல்லதண்ணியில சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியால அழுத்திப் பிடியுங்கள். வீக்கமோ கொப்புளமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. "மீன் வெட்டும்போது பட்டது" என்று டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லணும், மருந்து அதைப் பொறுத்து மாறும். டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுல, வள்ளத்துல இருக்கிற கத்திகளை எல்லாம் எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொண்ணையும் இனிமேல் யார் துடைப்பது என்று பேசி முடிவு பண்ணுங்கள். ஆள் கிடைக்காத கத்திக்குப் பதிலா வேற வகை வாங்குங்கள். கேள்வி இருந்தா எழுதுங்க, அடுத்த வாரம் சொல்றேன்.