எண்ணைத் துரத்த வேண்டாம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழா மேடையில் மீன் தொட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். ஜோகூர் பாருவிலும் மாசாயிலும் வேலை செய்யும் நம் பழைய மாணவர்களில் சிலர், வீட்டில் உப்புநீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறார்கள். லீவுக்குத் தோட்டத்துக்கு வந்தால், "சார், தண்ணி தெளிவாத்தான் இருக்கு. பவளம் மட்டும் செத்துப் போகுதே, ஏன்?" என்று கேட்கிறார்கள். பவளம் கல் அல்ல, உயிர். காசு கொடுத்து வாங்கிய உயிர் கண்ணெதிரே சாவது வேதனைதான். அந்தக் கேள்விக்கான விடையில் நம் எல்லாருக்கும் ஒரு பாடம் இருப்பதால் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் பிஎச் என்ற எண்ணைத் தெரிந்துகொள்வோம். 1909-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சன் வகுத்த அளவுகோல் இது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தோட்டத்து மக்களுக்கு இது புதிதல்ல. பால்மரம் வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார் பேர் தெரியாமலே இதைக் கையாண்டவர்கள். மரத்திலிருந்து இறங்கும் பால் 7-க்குச் சற்றுக் கீழே இருக்கும். பார்மிக் ஆசிட் ஊற்றி 5-க்குப் பக்கத்தில் இறக்கினால் உறைந்துவிடும். அமோனியா சேர்த்துக் காரமாக்கினால் உறையாமல் நிற்கும். கடல்நீர் ஏறக்குறைய 8.1. பவளத் தொட்டியில் 7.8 முதல் 8.4 வரை இருந்தால் போதும்.

இரண்டாவது எண்ணைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அல்கலினிட்டி என்பார்கள். நாம் காரச் சேமிப்பு என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் அமிலம் சேரும்போது அதைத் தாங்கிக்கொள்ளும் சக்தி அது. பெரும்பாலும் பைகார்பனேட்டாக நீரில் கரைந்திருக்கிறது. கேஎச் என்னும் அளவில் கடல்நீரில் சுமார் 7. தொட்டியில் 7 முதல் 10 வரை வைப்பார்கள். பவளம் தன் கூட்டைச் சுண்ணாம்பால் கட்டுகிறது. அதற்கு வேண்டியதை இந்தச் சேமிப்பிலிருந்தே எடுக்கிறது. வங்கியில் போட்ட பணம் மாதிரிதான். தினமும் எடுத்தால் தினமும் போட வேண்டும்.

தவறு எங்கே நடக்கிறது? காலையில் எழுந்து அளந்தால் பிஎச் 7.9. உடனே பதறிப்போய் எதையாவது ஊற்றிவிடுகிறார்கள். காலையில் அது குறைந்திருப்பது இயல்பு. இரவெல்லாம் தொட்டி உயிர்கள் விடும் மூச்சினால் கரியமில வாயு நீரில் சேருகிறது. பகலில் பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில் அதை எடுத்துக்கொள்வதால் மாலையில் எண் தானாக ஏறும். ஜன்னலைச் சாத்தி ஏர்கோன் போட்ட அறையில் இன்னும் இறங்கும். அதற்கு மருந்து ஜன்னலைத் திறப்பதுதான்! ஆப்ப சோடா போட்டால் சேமிப்பு ஏறுமே தவிர, பிஎச் அவ்வளவாக ஏறாது. ஏறவில்லையே என்று மேலும் மேலும் போட்டால் பவளத்தின் நுனி கருகும். சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். கடுமையான காரத்தை ஊற்றி ஒரேயடியாக உயர்த்தினாலோ, நீரில் அவ்வளவு தீங்கில்லாமல் கிடந்த அமோனியம், அமோனியா நஞ்சாக மாறி மீனைக் கொல்லும்.

பின் என்னதான் செய்வது? ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை போடும் கணக்குத்தான். திங்கட்கிழமை மாலை கேஎச் 8.6. ஒன்றும் சேர்க்காமல் புதன்கிழமை அதே நேரத்தில் அளந்தால் 7.8. இரண்டு நாளில் 0.8, ஆக நாளொன்றுக்கு 0.4 செலவு. 100 லிட்டர் நீரில் கேஎச் 1 உயர்த்தச் சுமார் 3 கிராம் ஆப்ப சோடா வேண்டும். எனவே தினமும் 1.2 கிராம். அதை நல்ல தண்ணீரில் கரைத்து, நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் சிறிது சிறிதாக விட வேண்டும். எவ்வளவு குறைந்திருந்தாலும் ஒரு நாளில் 1-க்கு மேல் ஏற்றக்கூடாது. கேஎச் 2.8 செலவானால் கால்சியமும் லிட்டருக்கு 20 மில்லிகிராம் செலவாகியிருக்கும். அதை வேறு நேரத்தில் தனியாகச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் சுண்ணாம்புதான் மிஞ்சும்.

தொட்டிக்குச் சோடா போடலாம். கடலுக்கு யார் போடுவது? நம் ஜோகூரில் மெர்சிங் கரைக்கு அப்பால் ராவா, பெசார், திங்கி, சிபு தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. தொழிற்சாலைகள் பெருகிய காலத்திலிருந்து, உலகக் கடல்நீரின் பிஎச் சுமார் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கிவிட்டது. 0.1 தானே என்று எண்ண வேண்டாம். இந்த அளவுகோலில் 1 என்பது பத்து மடங்கு. 0.1 இறங்கினாலே அமிலத்தன்மை கால் பங்கு கூடிவிடும். கடற்பூங்கா எல்லைக்குள் பவளம் எடுப்பதை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. சுற்றுலா போகும் பிள்ளைகள் ஒரு துண்டுகூட எடுத்து வரக்கூடாது. தொட்டி வைப்பவர்களும் பண்ணையில் வளர்த்த பவளத்தையே கேட்டு வாங்குங்கள்.

பெற்றோர்களே, யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டும் வீட்டில் மதிப்பெண் பேச்சு நிற்கவில்லை. மதிப்பெண்ணும் பிஎச் மாதிரிதான். ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். ஒரு தாளில் குறைந்தவுடன் பதறி நான்கு டியூஷனில் சேர்க்காதீர்கள். நல்ல தூக்கம், தினம் கொஞ்சம் வாசிப்பு, வீட்டில் அன்பான ஒரு பேச்சு, இவைதான் பிள்ளையின் சேமிப்பு. அதை நாள்தோறும் அளவாகப் போட்டு வாருங்கள். எண் தானே வந்து நிற்கும்.

பரிசு பெறும் செல்வங்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாத பிள்ளையை வீட்டுக்குப் போகும் வழியில், "உனக்கு ஏன்டா கிடைக்கல?" என்று கேட்க வேண்டாம். "இந்த வருசம் என்ன புத்தகம் படிச்சே?" என்று கேளுங்கள்.