படகில் குளிர், வானில் வெப்பம்!



காலையில் பாசாருக்குப் போகும் இல்லத்தரசி, கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். சிவப்பாக இருந்தால்தான் வாங்குவார். அந்தச் சிவப்பு நிலைக்குமா என்பது, மீன் வலையிலிருந்து படகில் விழுந்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

கெம்போங், சூரை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. உண்டவருக்கு முகம் சிவந்து, தடிப்பும் தலைவலியும் வரலாம். ஆகவே, கடலில் குளிர் என்பது ஆடம்பரம் அல்ல, அவசியம்.

கசியும் வாயு

உலகெங்கும் பெரிய மீன்பிடிக் கலங்களின் குளிர்சாதனங்களில் ஆர்-22 என்ற வாயுவே நெடுங்காலம் பயன்பட்டது. கலம் ஓயாமல் ஆடுகிறது, இயந்திரம் அதிர்கிறது, உப்புக்காற்று குழாயை அரிக்கிறது. வாயு கசிகிறது. கசிந்ததை மீண்டும் நிரப்புவதே வழக்கமாகிவிடுகிறது.

ஒரு கிலோ ஆர்-22, 100 ஆண்டுக் கணக்கில், சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் பூமியைச் சூடாக்கும். பத்து கிலோ கசிந்தால், ஏறக்குறைய 6,700 லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம்!

ஓசோன் படலத்தையும் அரிப்பதால், 1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்பாட்டின் கீழ் இது படிப்படியாக விலக்கப்படுகிறது. மாற்றாக வந்த ஆர்-404ஏ ஓசோனைத் தொடாது. ஆனால், சூடாக்கும் ஆற்றலோ சுமார் 3,900 மடங்கு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இவ்வகை வாயுக்களையும் குறைக்க 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் இணங்கின. மலேசியா அதனை 2020-இல் ஏற்றது.

இயற்கை வாயுக்கள்

நார்வேயின் மீன்பிடிக் கப்பல்களில் அமோனியாவும் கரியமில வாயுவும் பயன்படுகின்றன. கடல்நீரை உறைநிலைக்கு அருகில் குளிர்வித்து, மீனை அதில் மூழ்க வைக்கிறார்கள். மீன் நசுங்காது, விரைவாகவும் குளிரும்.

குறைகளும் உண்டு. அமோனியா நச்சு வாயு. தனி அறை, கசிவு எச்சரிக்கைக் கருவி, பயிற்சி பெற்ற ஆள் ஆகியவை கட்டாயம் வேண்டும். கரியமில வாயுவுக்கு மிகுந்த அழுத்தம் தாங்கும் குழாய்கள் தேவை. நம்முடையதைப் போன்ற வெதுவெதுப்பான கடலில் அதன் திறனும் குறையும்.

சிறு படகுக்குப் பெட்டியே போதும்

விடியலில் போய் மதியம் திரும்பும் சிறு படகுக்கு இயந்திரமே தேவையில்லை. ஐஸ் கட்டி போதும். 30 பாகைச் சூட்டில் உள்ள ஒரு கிலோ மீனைக் குளிர்விக்க, கணக்குப்படி சுமார் 300 கிராம் ஐஸ் போதுமானது. ஆனால், வெப்ப நாடுகளில் கிலோவுக்குக் கிலோ போடச் சொல்வார்கள். மிச்சமெல்லாம் பெட்டியின் சுவர் வழியே புகும் வெயிலுக்குத்தான் போகிறது. சுவர் தடிப்பாகவும், மூடி இறுக்கமாகவும், நிழலிலும் இருந்தால் ஐஸ் மிச்சமாகும். அதைச் செய்யும் ஆலையின் மின்சாரமும் மிச்சமாகும்.

யார் தலையில் செலவு?

அன்றன்று பிடிப்பதைக் கொண்டு அடுப்பெரிக்கும் மீனவர் தலையில் முழுச் செலவையும் கட்டுவது நியாயமாகாது. நல்ல பெட்டிக்கும் புதிய இயந்திரத்துக்கும் எளிய கடன் வேண்டும், பழுதுபார்ப்போருக்குப் பயிற்சி வேண்டும். பழைய இயந்திரத்தை மாற்றும் படகு உரிமையாளரும், விலையைக் கேட்கும் முன், "இதில் என்ன வாயு?" என்று கேட்க வேண்டும்.

மீனும் கெடக்கூடாது, கடலும் கொதிக்கக்கூடாது. கடல் சூடேறினால், நாளை வலையில் விழ மீன் இருக்காது.