வெளியே காத்திராதீர், உடன் உள்ளே செல்வீர்

(கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



மனைவியின் மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி எனத் தெரிந்ததும் பல குடும்பங்களில் பேச்சே நின்றுவிடுகிறது. கணவர் மருத்துவமனை வரை துணைக்குச் செல்கிறார். ஆனால் அறைக்கு வெளியே அமர்ந்துவிடுகிறார். உள்ளே அறுவை மருத்துவர் கூறுவதை அந்த அம்மையார் தனியே கேட்கிறார். "புற்றுநோய்" என்ற சொல்லுக்குப் பின் கூறப்படும் எதுவும் அவர் மனத்தில் பதிவதில்லை. ஆகவே, கணவன்மார்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: அந்த அறைக்குள் உடன் செல்லுங்கள்.

இது வெட்கப்பட வேண்டிய நோயன்று. மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோயே. அப்துல்லா அகமது படாவி அவர்கள் பிரதமராக இருந்த காலத்தில் அவர்தம் துணைவியார் எண்டோன் மஹ்மூட் இந்நோயுடன் போராடி, 2005ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் காலமானார். நாட்டை ஆள்பவர் இல்லத்திற்கும் வந்த நோயை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

மருத்துவரைக் காணும் நாளுக்கு முன்கூட்டியே நிர்வாகத்திடம் விடுப்புக் கேளுங்கள். கேள்விகளை மனைவியுடன் கலந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது? மார்பகம் முழுவதையும் அகற்ற வேண்டுமா, கட்டியை மட்டும் அகற்றினால் போதுமா? அதன்பின் என்ன சிகிச்சை? மருத்துவர் கூறும் விடைகளை அத்தாளிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. அமெரிக்காவின் பெர்னார்ட் பிஷர், இத்தாலியின் உம்பெர்த்தோ வெரொனேசி ஆகிய அறுவை மருத்துவர்கள் நோயாளிகளை 20 ஆண்டுகள் கவனித்து, 2002ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தொடக்க நிலையில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர் சிகிச்சை பெற்றவர்களும், மார்பகம் முழுவதையும் அகற்றிக்கொண்டவர்களும் ஒரே அளவில் உயிர்வாழ்ந்தனர். எனினும் இம்முறை எல்லாருக்கும் பொருந்தாது, மருத்துவர் விளக்குவார். முடிவு மனைவியுடையது. அதற்குத் துணை நிற்பதே கணவர் கடமை.

"கத்தி பட்டால் நோய் பரவும்" என்று அக்கம்பக்கத்தார் கூறக்கூடும், அது உண்மையன்று. மருந்து எண்ணெயையும் மந்திரத்தையும் நம்பி மாதங்களைக் கடத்துவதுதான் ஆபத்து.

கதிர் சிகிச்சைக்குச் சில வாரங்கள் தொடர்ந்து சென்றுவர வேண்டியிருக்கும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும், புத்ராஜெயாவில் 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகத்திலும் இச்சிகிச்சை உண்டு. பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் உறவினர் இருப்பின், தங்குவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். மனைவியும் தொழிலாளியாயின், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற ஆண்டுக்கு 60 நாள்கள் வரை சம்பளத்துடன் விடுப்புப் பெறச் சட்டம் இடமளிக்கிறது. சிகிச்சைச் செலவுக்குக் கணவர் தமது ஊழியர் சேமநிதியிலிருந்தும் பணம் பெற விண்ணப்பிக்கலாம்.

அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை அகற்றினால் அப்பக்கக் கை வீங்கக்கூடும். மருத்துவர் அனுமதிக்கும் வரை பால் வாளியையும் தண்ணீர்க் குடத்தையும் நீங்களே தூக்குங்கள். சமையலையும் பிள்ளைகளையும் சில காலம் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறுதல் மொழிகள் பல கூறுவதினும், அந்தக் குடத்தை வாங்கிச் சுமப்பதே அவருக்குப் பெருந்துணையாகும்.