துவிச்சக்கரவண்டித் தோழர் ஒருவரின் நினைவு
(சீகிரியாவில் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சீகிரியாக் குன்றின் அடிவாரத்திலே கூடியிருக்கும் நாங்கள், இன்று நம் நாட்டவரல்லாத ஒருவரைப் பற்றிப் பேச விழைகின்றோம். அவர் அரசரல்லர், அரசியல் தலைவருமல்லர். விடியற்காலையில் தோழர்களோடு துவிச்சக்கரவண்டி ஓட்டி மகிழ்ந்த ஒரு பெரியவர். அவர் பெயர் அவ்தார் சைனி.

மும்பை நகரின் செம்பூர்ப் பகுதியில் வாழ்ந்த அவர், இன்டெல் கம்பெனியில் பெரும் பதவி வகித்த பொறியியலாளர். 1993ஆம் ஆண்டு வெளிவந்து உலகெங்கும் கணினிகளை இயக்கிய பென்டியம் என்னும் சில்லை வடிவமைத்த குழுவை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர். பின்னர் அக்கம்பெனியின் தெற்காசியப் பகுதிக்கே தலைவராக விளங்கினார். விரும்பியிருந்தால் காரிலேயே காலங் கழித்திருக்கலாம். அவரோ பெடல் மிதிப்பதில் இன்பங் கண்டார். சைக்கிள் ஓட்டும் தோழர்களிடையே அவரும் ஒரு தோழராகவே இருந்தார்.

2024ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் அதிகாலை, நவி மும்பை நெரூலிலே பாம் பீச் வீதியில் தோழர்களோடு சென்றுகொண்டிருந்தபோது, வாடகைக் கார் ஒன்று பின்னாலிருந்து அவரை மோதியது. உடன் சென்றவர்களே அவரை வைத்தியசாலைக்கு எடுத்துச் சென்றனர். உயிர் தங்கவில்லை. அப்பொழுது அவருக்கு வயது 68.

இத்தகைய துயரம் வந்தால் தோழர்கள் என்ன செய்வது? அழுதுவிட்டு ஓய்வதா? அமெரிக்காவின் டலஸ் நகரத்தார் இதற்கு ஒரு வழி காட்டினர். 2003ஆம் ஆண்டு மே மாதத்தில், லாரி சுவார்ட்ஸ் என்னும் சைக்கிள் வீரர், கடந்து சென்ற பஸ்ஸின் பக்கக் கண்ணாடி தாக்கி மாண்டார். அம்மாதமே அவருடைய நண்பர் கிறிஸ் ஃபேலன் அழைப்பு விடுத்தார். ஏறக்குறைய ஆயிரம் பேர் திரண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், மணிக்குப் பன்னிரண்டு மைலுக்கு மேற்படாத வேகத்தில் சென்றனர். கோஷமில்லை, கொடியில்லை. அம்மௌன ஊர்வலம் இன்று பல நாடுகளில் மே மாதத்து மூன்றாம் புதன்கிழமைதோறும் நடைபெறுகின்றது.

மும்பையும் டலஸும் தொலைவில் உள்ளன என்று நாம் எண்ணலாகாது. இனாமலுவைச் சந்தியிலிருந்து இங்கு வரும் வீதியைப் பாருங்கள். உல்லாசப் பயணிகளின் பஸ்களும் ஜீப்புகளும் விரையும் அதே வீதியின் ஓரத்திலேதான் ஹோட்டல் தொழிலாளியும் பள்ளி மாணவனும் சைக்கிளில் செல்கின்றனர். 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்றபோது, மூலையிற் சாத்தியிருந்த சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தோர் எத்தனை பேர்! அன்று கைகொடுத்த வண்டியை இன்று வீதியிலிருந்து ஒதுக்குவது நன்றியாகுமா? உலகில் வீதி விபத்துக்களால் ஆண்டுதோறும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மாள்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. அவர்களுள் நூற்றுக்கு ஆறு பேர் சைக்கிளோட்டிகள்.

குற்றம் முழுவதும் காரோட்டிகளுடையதென்று நாங்கள் சொல்லவில்லை. இருட்டிய பின் விளக்கின்றி ஓட்டியவர்கள் நாங்கள். இருவர் மூவராக வரிசைகட்டிக் கதை பேசிச் சென்றவர்களும் நாங்களே. இனி முன்னும் பின்னும் விளக்குப் பொருத்துவோம். ஒருவர் பின் ஒருவராகச் செல்வோம். பெரியோர்களே, வாகனம் ஓட்டும்போது எங்களைக் கடக்க நேர்ந்தால் ஒன்றரை மீற்றர் இடைவெளி விடுங்கள். அந்த ஒன்றரை மீற்றரிலே ஒரு தாயின் மகன் உயிரோடு வீடு திரும்புவான்.

மற்றொரு வேண்டுகோள். வருகின்ற மே மாதத்தில் ஒரு நாள் இனாமலுவையிலிருந்து சீகிரியாவரை மௌனமாகச் சைக்கிளிற் செல்ல எங்களுக்கு அனுமதி தாருங்கள். மாலையில் யானை நடமாட்டம் உண்டாகையால், நன்கு விடிந்த பின் புறப்படுவோம். பெரியோர்களும் உடன்வந்தால் எங்கள் பாக்கியம்.

இக்குன்றின் கண்ணாடிச் சுவரிலே பழங்காலப் பயணிகள் எழுதிச் சென்ற பாடல்களுள் 685ஐப் பேராசிரியர் பரணவிதான 1956இல் நூலாக வெளியிட்டார். அச்சுவரில் இன்று யாரும் எழுதலாகாது, எழுதவும் வேண்டாம். அவ்தார் சைனிக்கு நாம் செய்யும் அஞ்சலியை வீதியிலே, நம் நடத்தையால் எழுதுவோம்.