பஞ்சமி நிலம் எங்கே?

பூந்தமல்லியைக் கலங்கரை விளக்கத்தோடு இணைக்கும் மெட்ரோ பாதைக்குத் தூண்கள் எழத் தொடங்கியது முதல் சென்னையின் மேற்குப் புறநகரில் மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. அந்த ஏற்றத்தின் பலன் சேரி மக்களின் கைக்குப் போய்ச் சேராதபடி செய்யும் ஏற்பாடோ நூறாண்டுக்கும் மேலாக நீடிக்கிறது. இதைக் கண்டும் காணாமல் இருப்பது எந்த அவைக்கும் அழகன்று.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் அடங்கியிருந்த பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் ட்ரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற நிலைமையை 1891இல் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் சென்னை மாகாண அரசு அவர்களுக்கென நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுவே பஞ்சமி நிலம்: முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, பின்னரும் அவ்வகுப்பாருக்கே கைமாறலாம், மீறினால் அரசு மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனைகளோடு தரப்பட்ட நிலம். அந்தப் பஞ்சமி நிலம் இன்று எங்கே?

அது போன வழி ஊரறிந்தது. பெண்ணின் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ பணம் தேடும் உழவனிடம், ‘கண்டிஷன் நிலம், யார் வாங்குவார்?’ என்று சொல்லி அடிமாட்டு விலை பேசும் தரகர், பொது அதிகாரப் பத்திரம் ஒன்றில் கைநாட்டு வாங்கிக்கொள்கிறார். சில கைகள் மாறியபின் அதே மண் கல் நட்டு, தார் போட்டு, ‘நகர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு முழு விலைக்குப் போகிறது. உழவனிடம் இருந்தவரை விலையை அமுக்கிய நிபந்தனை, மனை போடுகிறவரின் கைக்கு வந்ததும் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை என்றால், இதற்குக் கொள்ளை என்பதைத் தவிர வேறு என்ன பெயர்?

சந்தைக்குச் சாதி தெரியாது, காசுதான் தெரியும் என்று சிலர் பாடம் நடத்துகிறார்கள். அவர்கள் ஒருநாள் வாடகை வீடு தேடிப் பார்க்கட்டும். 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே ஷிப்டில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நிற்கும் இரு தொழிலாளிகளில் ஒருவரிடம் முன்பணம் எவ்வளவு என்று மட்டும் பேசப்படுகிறது. மற்றவரிடம் ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியும் சேர்கிறது. கொலம்பியாவில் படித்துத் திரும்பி 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த அம்பேத்கரையே தங்கிய விடுதியிலிருந்து விரட்டிய நாடு இது. காசும் படிப்பும் அங்கே என்ன செய்தன?

கருப்பர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்னும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் தீர்ப்பளித்தது. 1968இல் வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே அங்கு வந்தது. இந்திய உச்ச நீதிமன்றமோ, ஒரு சமூகத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க விதியை 2005இல் செல்லும் என்றது. அங்கே திறந்த கதவுக்கு இங்கே சட்டத்தின் பூட்டு கிடைத்தது.

கூவம் கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த உழைப்பாளிக் குடும்பங்களை, வேலையும் பள்ளியும் நகரத்தில் இருக்க, திருமழிசைக்கு அப்பால் கூடப்பாக்கத்தில் கொண்டுபோய் அடுக்குவதும் இதே கணக்குதான். ஏழையை அகற்றினால் கரையோர மனையின் மதிப்பு கூடும் என்று அரசே நம்பும்போது, தரகரை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? இவர்களுக்குக் கொடுக்க நகரத்தில் நிலமில்லை என்கிறார்கள். பஞ்சமி நிலம் எங்கே என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை!

தேர்தல் வந்தால் பஞ்சமி நிலத்தை மீட்போம் என்று அறிக்கை அச்சடிக்கும் கட்சிகள், தேர்தல் முடிந்ததும் அந்த அறிக்கையையே தொலைத்துவிட்டு நிற்கின்றன. 1994 அக்டோபரில், காரணை என்னும் ஊரின் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். இரண்டு உயிர் கொடுத்துக் கேட்ட கேள்விக்கு இன்னும் விடையில்லை என்பது மானமுள்ள எந்த அரசுக்கும் உறைக்க வேண்டும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டங்களின் பழைய நிலப் பதிவேடுகளிலிருந்து பஞ்சமி நிலங்களின் சர்வே எண்கள் அனைத்தும் வெளியிடப்பட வேண்டும். அவற்றில் பதிவான மனைகளின் கிரயப் பத்திரங்கள் விசாரிக்கப்பட வேண்டும். மீட்ட நிலத்தில், கூடப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் பங்கு வேண்டும். அதுவரை ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலக வாசலிலும் இந்த அவையின் கேள்வி ஒன்றே: பஞ்சமி நிலம் எங்கே?