செவிக்கு உகந்த கருவி



கணினியின் துணைக் கருவிகளையும் ஹெட்போனையும் தேர்ந்து வாங்குவது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு பணித்துள்ளீர்கள். இஃது அற்பப் பொருளன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். மும்பையில் வாழும் நம் இல்லங்களில் ஊரிலுள்ள பெற்றோரின் குரலும், பிள்ளைகளின் இணையவழித் தமிழ்ப் பாடமும், பலருடைய அலுவலகப் பணியும் இக்கருவிகளின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆதலின் இதனை எண்ணிப் பார்ப்பது தகும்.

லாமிங்டன் சாலைக் கடைகளில் ஏறி இறங்குவோர் பலர், "எது சிறந்தது?" என்றே வினவுகின்றனர். "எதற்குச் சிறந்தது?" என்று வினவுவதே முறை. அலுவலகப் பேச்சுக்கு வாங்குபவர் இசையின் இனிமையினும் ஒலிவாங்கியின் தெளிவையே முதலில் நோக்குதல் வேண்டும். நெடுநேரம் அணிபவர்க்கு எடைக்குறைவும் மென்மையும் இன்றியமையாதன. மாணவர்க்குக் கம்பியுள்ள எளிய வகையே போதும், அதற்கு மின்னேற்றும் தொல்லையில்லை, ஒலி பிந்துவதுமில்லை. 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்னும் விளம்பரம் கண்டு மயங்குவோர் உளர். மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லையும் தாழும். கேளாத ஒலிக்கு விலை கொடுப்பானேன்?

கேபிளிலும் இத்தகைய மயக்கம் உண்டு. டைப்-சி முனைகள் யாவும் ஒன்றுபோல் தோன்றும். ஆயினும் ஒன்று 60 வாட் தாங்கும். மற்றொன்று 240 வாட் தாங்கும். ஒன்றில் தரவு நொடிக்கு 480 மெகாபிட் செல்லும். மற்றொன்றில் 40 கிகாபிட் செல்லும். உருவத்தை நம்பாது, உறையில் அச்சிட்டதைப் படித்து வாங்குக. சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உள்ளதா எனவும் காண்க.

இனி, தலையாய செய்தி. 80 டெசிபெல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என உலகச் சுகாதார நிறுவனம் எல்லை வகுத்துள்ளது. 90 டெசிபெல்லாயின் வாரத்திற்கு 4 மணி நேரமே! சிறுவர்க்கு 40 மணி நேர எல்லை 75 டெசிபெல்லேயாகும். மின்சார ரயிலின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டு, நாள்தோறும் 2 மணி நேரம் 90 டெசிபெல்லில் பாட்டுக் கேட்கும் இளைஞர், ஒரு வார அளவை இரண்டே நாளில் தீர்த்துவிடுகிறார். உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இத்தகையோர்க்கு இரைச்சல் நீக்கும் ஹெட்போன் ஆடம்பரமன்று. அது புற இரைச்சலை உணர்ந்து, அதற்கு எதிரான அலையை எழுப்பித் தணிக்கிறது. இடைவிடாத தாழ்ந்த இரைச்சலைத் தணிப்பதில் அது வல்லது. ஆகவே குறைந்த ஒலியிலேயே பாட்டு இனிது கேட்கும். ஆனால் தண்டவாளத்தின் அருகிலும் சாலையிலும் அதனைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

அன்பர்களே! வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பழுதான கருவிக்கு மாற்று, கடையில் கிடைக்கும். பழுதான செவிக்குக் கிடையாது. விலையைக் கேட்குமுன் நம் தேவையைக் கேட்போம். கருவியின் ஒலியைக் கூட்டுமுன் நம் செவியை நினைப்போம்.